வாய் கோணியவர் முறுக்கைக் கடிப்பது எப்படி? கீழ்முகத்தை ஆளும் இரண்டு நரம்புகள்

காலையில் பல் தேய்க்கப் போகிறார் ஒருவர். வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது ஓரமாக வழிந்து பனியனை நனைக்கிறது. கண்ணாடியைப் பார்க்கிறார். வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது, இடது கண் மூட மாட்டேன் என்கிறது. முகவாதம் என்று வீடே பதறுகிறது. முந்தின நாள் பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து காரைக்குடி வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாரே, அந்தக் காற்றுதான் என்று ஆச்சி தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்.

அதே மனிதர் பத்து மணிக்கு ஒரு கைமுறுக்கை எடுத்து நறுக்கென்று கடிக்கிறார். கடியின் பலம் துளியும் குறையவில்லை. மென்றது மட்டும் இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் போய் ஒதுங்கிக்கொள்கிறது. விரலை விட்டு வழித்து எடுக்க வேண்டியிருக்கிறது. முகத்தில் பாதி செயலிழந்த பிறகும் தாடை எப்படி வேலை செய்கிறது?

செய்திகளைப் படிப்பவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு. 2022 ஜூனில் பாடகர் ஜஸ்டின் பீபர், தன் முகத்தில் ஒரு பாதி அசையவில்லை என்று வீடியோ போட்டார். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடிகர் சல்மான் கான், முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற வலி தனக்கு இருந்ததை வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். இரண்டையும் "முக நரம்புக் கோளாறு" என்று ஒரே பெயரில்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் இருவருக்கும் பாதிப்பு வந்தது வேறு வேறு நரம்பில். நோயும் வேறு, மருந்தும் வேறு.

## முதலில் "நரம்பு" என்றால் எது?

தமிழில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், அது ரத்தக்குழாய். "நரம்பு ஊசி" என்றால் ரத்தக்குழாயில் போடும் ஊசி. கணுக்காலில் கயிறு மாதிரி இழுப்பதும் நரம்புதான், வீணையில் இருப்பதும் நரம்புதான். இங்கே பேசப்போவது இவை எதுவும் இல்லை. மூளையிலிருந்து தசைக்கு உத்தரவு கொண்டு போவதும், தோல், பல், நாக்கிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு வருவதுமான வயர் போன்ற இழையைத்தான் இந்தக் கட்டுரை நரம்பு என்று சொல்கிறது.

மூளையிலிருந்து நேராகத் தலைக்கும் கழுத்துக்கும் வரும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. முன்னாலிருந்து பின்னாக எண் போட்டிருக்கிறார்கள். அவற்றில் நமக்கு வேண்டியவை முக்கியமாக இரண்டு.

1. ஐந்தாம் நரம்பு. மருத்துவர்கள் ட்ரைஜெமினல் என்பார்கள், தமிழில் முப்பெரு நரம்பு. பெயருக்கேற்ப மூன்று கிளை: நெற்றி, கண் பக்கம் ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. முகத்தின் தொடு உணர்வு, வலி, சூடு, குளிர் எல்லாம் இதன் பொறுப்பு. மூன்று கிளைகளில் கீழ்த்தாடைக் கிளைக்கு மட்டும் கூடுதலாக இன்னொரு வேலை உண்டு: மெல்லும் தசைகளை இயக்குவது.

2. ஏழாம் நரம்பு. இதற்குத்தான் முக நரம்பு என்று பெயர். சிரிப்பு, உதடு குவிப்பது, கண் மூடுவது, புருவம் தூக்குவது, கன்னத்தை உப்புவது என முகபாவம் எல்லாம் இதன் கையில்.

ஆக, கடிப்பது ஐந்து, சிரிப்பது ஏழு. முகவாதத்தில் அடிபடுவது ஏழாம் நரம்பு. அதனால்தான் முறுக்கு நொறுங்குகிறது, வாய்த் தண்ணீர் நிற்கவில்லை.

## ஒரே வீடு, இரண்டு புள்ளி

ஒரு முகத்துக்கு ஏன் இரண்டு நரம்பு என்பது நியாயமான கேள்வி. கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டுக்குள் போனவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. முகப்பு ஒன்று, வளவு என்கிற உள்முற்றம் ஒன்று. ஆனால் வளவைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, தனி அடுப்பு. கோயில் கணக்கில் ஒவ்வொரு ஜோடியும் தனிப் புள்ளி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு. உள்ளே சமையல் வேறு, வரவு செலவு வேறு. முகமும் அப்படிப்பட்ட கூட்டுக்குடித்தனம்தான்.

இந்தப் பிரிவினை நடப்பது கருவில். நான்காம் வாரத்தில் கழுத்துப் பக்கமாக வரிசையாகச் சில வளைவுகள் உருவாகின்றன. முதல் வளைவிலிருந்து தாடை எலும்புகளும் மெல்லும் தசைகளும் வருகின்றன. அதற்கு ஒதுக்கப்பட்ட நரம்பு ஐந்தாவது. இரண்டாம் வளைவுக்கு ஒதுக்கப்பட்டது ஏழாவது. இரண்டாம் வளைவின் தசைகள் பிறகு மெல்லிய போர்வை போல முகம் முழுக்கப் பரவுகின்றன. எங்கே போனாலும் தங்கள் நரம்பைக் கையோடு இழுத்துக்கொண்டே போகின்றன. கடைசியில் உள்ளே முதல் வளைவின் தசை, அதன் மேல் இரண்டாம் வளைவின் தசை என்று இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. உங்கள் கன்னத்தில் விரல் வைக்கும் இடத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் சிரிப்புத் தசைக்கு நரம்பு ஏழு, அதற்கும் உள்ளே இருக்கும் கடிக்கும் தசைக்கு நரம்பு ஐந்து, தோலின் உணர்வுக்கும் ஐந்து. தாடை மூலையில் காதுமடலுக்குக் கீழே இருக்கும் கொஞ்சம் தோல் மட்டும் இரண்டிலும் சேராமல் கழுத்து நரம்பின் கணக்கில் இருக்கிறது.

இதில் குழம்பியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. முகவாதத்துக்கு ஆங்கில மருத்துவத்தில் எவர் பெயர் வைத்திருக்கிறதோ, அந்த சார்லஸ் பெல்லே குழம்பினார். ஸ்காட்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவரான அவர் 1821-இல் முகத்தின் நரம்புகளைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். கழுதையின் உதட்டுக்குப் போகும் ஐந்தாம் நரம்புக் கிளையை வெட்டிப் பார்த்திருந்தார். கழுதையால் தீவனத்தை உதட்டால் பொறுக்க முடியவில்லை. உதட்டின் அசைவு போய்விட்டது என்று முடிவு கட்டினார். அடுத்த ஆண்டே ஹெர்பர்ட் மேயோ என்பவர் அது தவறு என்று காட்டினார்: உதடு அசையும், ஆனால் தீவனம் உதட்டில் பட்டதே கழுதைக்குத் தெரியவில்லை. மரத்துப்போன உதடு பார்வைக்குச் செயலிழந்த உதடு மாதிரியே இருக்கும். பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் எவரும் இதை ஒப்புக்கொள்வார்.

## ஒரு சீடை வாய்க்குள் போகும்போது

சரி, வேலைப் பிரிவினையை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு உப்புச் சீடையை வாயில் போடும் இரண்டு மூன்று நொடிகளில் நடப்பது இது.

1. உதடு விரிகிறது. ஏழாம் நரம்பு.

2. தாடை கீழிறங்குகிறது. பக்கவாட்டு டெரிகாய்டு என்ற தசை தாடை மூட்டை முன்னால் இழுக்கிறது, தாடைக்கு அடியில் உள்ள சிறு தசைகள் கீழே இழுக்கின்றன. பெரும்பாலும் ஐந்தாம் நரம்பு.

3. சீடை கடைவாய்ப் பல்லுக்கு நடுவில் வந்ததும் கடி விழுகிறது. இதுதான் பெரிய வேலை. மசட்டர், டெம்பொராலிஸ், உள் டெரிகாய்டு என்று மூன்று தசைகள் இதைச் செய்கின்றன. தாடை மூலைக்குச் சற்று மேலே விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள், கல் மாதிரி ஒன்று புடைக்கும். அது மசட்டர். நெற்றிப்பொட்டில் வைத்துக் கடித்தால் அங்கே துடிப்பது டெம்பொராலிஸ். எல்லாம் ஐந்தாம் நரம்பு.

4. சீடைக்குள் ஒரு சிறு கல். கடித்த கணமே தாடை தானாகத் திறந்துகொள்கிறது, நீங்கள் யோசிப்பதற்கு முன்பே. பல்லைச் சுற்றியுள்ள நார்களில் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவையும் ஐந்தாம் நரம்பைச் சேர்ந்தவை. செய்தி மூளைத்தண்டு வரை போய் உத்தரவாகத் திரும்பி வருகிறது.

5. நொறுங்கியது கன்னத்துப் பக்கம் சிதறுகிறது. கன்னத் தசை அதை மறுபடி பல்லின் மேல் தள்ளுகிறது. இது பக்சினேட்டர். லத்தீனில் எக்காளம் ஊதுபவர் என்று பொருள். நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் நாதசுரத் தசை என்று வைத்திருப்பார்கள். மெல்லுவதற்கு இவ்வளவு உதவினாலும் இது இரண்டாம் வளைவின் பிள்ளை, ஆகவே ஏழாம் நரம்பு. முகவாதக்காரருக்கு உணவு கன்னத்தில் ஒதுங்குவது இதனால்தான்.

6. நாக்கு புரட்டிக் கொடுக்கிறது. இது பன்னிரண்டாம் நரம்பின் வேலை, ஐந்துக்கும் ஏழுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். கன்னத்துக்கு பக்கல் என்ற ஒரே பெயரில் இரண்டு கிளைகள் போகின்றன. ஐந்தாம் நரம்பின் பக்கல் கிளை கன்னத்தின் உணர்வை எடுத்துவருகிறது. ஏழாம் நரம்பின் பக்கல் கிளை கன்னத் தசையை அசைக்கிறது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்களே, அது மாதிரி. மருத்துவ மாணவர்கள் தேர்வில் கோட்டை விடும் இடம் இது.

## உப்பு ஒரு வழி, காரம் ஒரு வழி

செட்டிநாட்டுச் சமையலைச் சாப்பிடுபவர்களுக்கு இதுதான் மிகவும் சுவாரசியமான பகுதி என்று நினைக்கிறேன்.

நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்ற சுவையை எடுத்துப் போவது ஏழாம் நரம்பு. அதே இடத்தில் தொடுவது, சுடுவது, வலிப்பது எல்லாவற்றையும் எடுத்துப் போவது ஐந்தாம் நரம்பு. காரம் எதில் சேர்த்தி? அறுசுவையில் நாம் உவர்ப்பு, துவர்ப்போடு சேர்த்து அதையும் எண்ணினாலும், உடம்பின் கணக்கில் காரம் ஒரு சுவையே இல்லை. மிளகாயின் கேப்சைசின் ஒட்டிக்கொள்வது சூட்டை உணரும் ஏற்பியில். அந்த ஏற்பியை 1997-இல் அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய் வாயில் "எரிகிறது" என்று நாம் சொல்வது உவமை இல்லை. நரம்புக்கு அது நெருப்பேதான்.

ஆகவே கோழி வறுவல் ஒரு வாய் எடுத்தால் அதன் உப்பும் புளிப்பும் ஏழில் ஏறுகின்றன, காரம் ஐந்தில் ஏறுகிறது. முகவாதம் வந்த சிலர், "ஒரு பக்க நாக்கில் ருசியே தெரியவில்லை, ஆனால் காரம் மட்டும் உறைக்கிறது" என்று சொல்வதுண்டு. வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் சொல்வது அப்படியே உண்மை.

சுவை இழைகள் போகும் பாதை இன்னும் வேடிக்கை. நாக்கிலிருந்து கிளம்பும்போது ஐந்தாம் நரம்பின் நாக்குக் கிளையோடு ஒரே உறைக்குள் சேர்ந்து போகின்றன. பாதி வழியில் பிரிந்து, செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காதைக் குறுக்கே கடந்து, ஏழாம் நரம்போடு சேர்ந்துகொள்கின்றன. காதில் அறுவை சிகிச்சை செய்தவர்களில் சிலருக்கு நாக்கின் ஒரு பக்கம் சுவை மாறிப்போவது இதனால். காதுக்கும் சாம்பாரின் உப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்றால் சிரிப்பார்கள், ஆனால் இருக்கிறது.

## ஐந்தாம் நரம்பின் கீழ்த்தாடைப் பாதை

மண்டையோட்டின் அடியில் முட்டை வடிவத் துளை ஒன்று. அதன் வழியாகக் கீழ்த்தாடைக் கிளை வெளியே வருகிறது. வந்தவுடன் மெல்லும் தசைகளுக்குச் சிறு கிளைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் உணர்வு நரம்புகளாகக் கீழே இறங்குகிறது. அதில் முக்கியமானது கீழ்ப்பல் நரம்பு. இது தாடை எலும்பின் உட்பக்கத்தில் உள்ள ஒரு துளைக்குள் நுழைந்து, எலும்புக்குள்ளேயே ஒரு குழாய் வழியாக எல்லாக் கீழ்ப்பற்களுக்கும் இழை கொடுத்துக்கொண்டு முன்னால் வருகிறது. முன்கடைவாய்ப் பற்களுக்கு நேர் கீழே இன்னொரு துளை வழியாக வெளியே வந்து, கீழுதட்டுக்கும் முகவாய்க்கட்டைக்கும் உணர்வு தருகிறது.

இந்தப் பாதை தெரிந்தால் பல் மருத்துவத்தில் பல விஷயம் தானாகப் புரியும். கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க, வாயின் ஆழத்தில் ஊசி போடுகிறார்கள். உதடும் முகவாயும் ஏன் மரத்துப்போகின்றன? நரம்பு எலும்புக்குள் நுழைவதற்கு முன்பே மருந்து அதைப் பிடித்துவிடுகிறது, அதற்குப் பின் வரும் எல்லாமே அடங்கிவிடுகின்றன. பக்கத்திலேயே நாக்கு நரம்பும் போவதால் பாதி நாக்கும் மரக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் கன்னம் இறங்கிவிட்டது போலத் தோன்றும். கண்ணாடி முன் சிரித்துப் பார்த்தால் உதடு இரண்டு பக்கமும் ஒழுங்காகவே விரியும். பெல்லின் கழுதை கதை. குழந்தைகளுக்கு ஊசி போட்டிருந்தால் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போதாவது ஊசி சற்றுப் பின்னால் போய்விட்டால், காதடி உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் மருந்து இறங்கும். பொன்னுக்குவீங்கியில் வீங்குமே, அந்தச் சுரப்பி. அதற்குள்தான் ஏழாம் நரம்பு போகிறது. அப்போது நிஜமாகவே வாய் கோணும், கண் மூடாது. பயமாகத்தான் இருக்கும், ஆனால் மருந்தின் வேகம் குறையும்போது சில மணி நேரத்தில் தானாகச் சரியாகும். அதுவரை கண்ணை மூடிப் பாதுகாத்தால் போதும்.

சல்மான் கானுக்கு வந்தது ஐந்தாம் நரம்பின் நோய். பெரும்பாலும் மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் நரம்பின் மேல் உரசிக்கொண்டிருப்பதால் வருவது. மெல்லும்போது, பல் தேய்க்கும்போது, காற்று பட்டால்கூட சுரீரென்று சில நொடி ஷாக் அடிக்கும், பிறகு ஒன்றுமில்லை. அடிக்கடி இது பல்வலி என்று தவறாக எண்ணப்படுகிறது. நல்ல பல்லை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு, வலி குறையாமல் வருபவர்கள் இருக்கிறார்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின்தான் முதல் மருந்து. அதற்கும் கட்டுப்படாவிட்டால் அந்த ரத்தக்குழாயை விலக்கிவைக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

ஒரு எச்சரிக்கை. பல் பிடுங்காமல், அடிபடாமல், முகவாய்க்கட்டையும் கீழுதடும் ஒரு பக்கம் மட்டும் தானாக மரத்துப்போனால் அதை வலியில்லையே என்று விட்டுவிடக் கூடாது. வேறெங்கோ இருக்கும் புற்றுநோய் தாடை எலும்புக்குப் பரவியதன் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும்.

## ஏழாம் நரம்பின் பாதை, வாய் கோணுவதன் கதை

ஏழாம் நரம்பு காதுக்குள் எலும்புக் குழாய் ஒன்றில் நீண்ட தூரம் வளைந்து வருகிறது. அந்தக் குழாயின் மிகக் குறுகலான இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்பு கொஞ்சம் வீங்கினாலும் நெருக்குண்டு வேலை நிறுத்தம் செய்துவிடும். பெல் முகவாதம் என்பது இதுதான். உடம்புக்குள் பதுங்கியிருந்த ஹெர்பிஸ் வகை வைரஸ் விழித்துக்கொள்வதுதான் காரணம் என்று வலுவான சந்தேகம் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கும் கூடுதலாக வருகிறது. பல்லவனின் ஜன்னலைக் குற்றம் சொல்ல ஆதாரம் போதாது.

காதுக்குப் பின்னால் எலும்பிலிருந்து வெளியே வந்ததும் நரம்பு காதடிச் சுரப்பிக்குள் புகுந்து, விரித்த ஐந்து விரல் போலப் பிரிகிறது: நெற்றிப்பொட்டுக்கு, கன்ன எலும்புக்கு, கன்னத்துக்கு, கீழ்த்தாடை விளிம்புக்கு, கழுத்துக்கு. கீழ்த்தாடை விளிம்புக் கிளை மெல்லியது. கீழுதட்டைக் கீழே இழுக்கும் தசைகளுக்கு அதுதான் ஆதாரம். மற்றக் கிளைகளுக்கு ஒன்றோடொன்று இணைப்பு அதிகம் என்பதால் ஒன்று போனால் பக்கத்துக் கிளை கைகொடுக்கும். இதற்கு அந்த ஆதரவு குறைவு. தாடைக்கு அடியில் கட்டி எடுக்கும் மருத்துவர்கள் எலும்பு விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை கீழே தள்ளி வெட்டுவது இதைக் காப்பாற்றத்தான்.

வாய் கோணியிருக்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுண்டு. எந்தப் பக்கம் இழுத்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் நோய் என்று அங்கே எண்ணெய் தேய்ப்பார்கள். இழுப்பது நல்ல பக்கம். எதிர்ப்பக்கம் தளர்ந்துவிட்டதால் அது தன் போக்கில் இழுக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு அணி கையை விட்டுவிட்டால் கயிறு போகும் திசை மாதிரி. ஐந்தாம் நரம்பில் கணக்கு தலைகீழ்: வாயைத் திறந்தால் தாடை நோயுள்ள பக்கமாக விலகும். ஏனென்றால் டெரிகாய்டு தசை தாடையைத் தன் பக்கம் இழுப்பதில்லை, எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது.

## முகவாதமா, பக்கவாதமா?

இந்தக் கேள்விக்கு நேரத்தில் விடை தெரிய வேண்டும். மூளையில் அடைப்பு வந்தாலும் வாய் கோணும். ஆனால் முகத்தின் மேல் பாதிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வருகிறது, கீழ்ப் பாதிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டுமே. ஆகவே:

1. புருவத்தைத் தூக்கச் சொன்னால் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்குகிறது, வாய் மட்டும் கோணுகிறது என்றால் கோளாறு மூளையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

2. நெற்றியும் சுருங்கவில்லை, கண்ணும் மூடவில்லை, வாயும் கோணல் என்றால் பெரும்பாலும் நரம்பிலேயே கோளாறு.

3. கை கால் பலமிழப்பு, பேச்சுக் குளறல், நடை தள்ளாட்டம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நெற்றி சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. முதல் இரண்டு விதிகளுக்கும் விலக்கு உண்டு.

பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்குப் போவதற்கே அதில் பெரிய பங்கு கரைந்துவிடும். மந்திரிக்கவோ, புறா ரத்தம் தடவவோ போகும் நேரத்தில் 108-ஐக் கூப்பிடலாம். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துவைத்துக்கொள்வது மருத்துவருக்கு மிகப் பெரிய உதவி.

பெல் முகவாதம் என்றால் அவ்வளவு பறக்க வேண்டாம், அதற்காகச் சாவகாசமும் கூடாது. 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு கூடுகிறது. மருந்தே இல்லாவிட்டாலும் பத்தில் ஏழு பேர் அளவுக்கு முழுதாகத் தேறுகிறார்கள். எண்ணெயும் பச்சிலையும் பெயர் வாங்கியது இப்படித்தான். இந்தக் காலத்தில் முகத்தைவிடக் கண்ணுக்குத்தான் ஆபத்து: மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வரும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டுவது கட்டாயம். சிலருக்கு அந்தப் பக்கக் காதில் குக்கர் விசில் இடி போலக் கேட்கும். ஒலியைத் தணிக்கும் குட்டித் தசை ஒன்றும் ஏழாம் நரம்பின் கீழ்தான்.

ஜஸ்டின் பீபருக்கு வந்தது இதன் முரட்டு உறவினர். ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் 1907-இல் விவரித்தது. சின்னம்மை வைரஸ் பல ஆண்டு தூங்கிவிட்டு ஏழாம் நரம்பில் எழுகிறது. நம் ஊரில் அக்கி என்கிறோமே, அதேதான், காதில். கடுமையான காதுவலி, காதுமடலில் கொப்புளம், வாய் கோணல் மூன்றும் சேர்ந்து வரும். காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு காத்திருக்கும் நாட்கள் இதில் விலை அதிகம். வைரஸ் மருந்தும் ஸ்டீராய்டும் முதல் சில நாட்களில் தொடங்க வேண்டும். இன்னொன்று: வாய் கோணல் ஒரே நாளில் வராமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடினால் அது பெல் முகவாதம் இல்லை. காதடிச் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

## நரம்பின் மேல் போடும் பொய்ப் பழிகள்

வாய் திறக்க முடியாவிட்டால் "நரம்பு இழுத்துக்கொண்டது" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் நரம்புக்கு அதில் பங்கில்லை.

பாக்கு அதிகம் போடுபவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் நாளடைவில் நார் நாராக இறுகிவிடுகிறது. முதல் அறிகுறி, வழக்கமான குழம்பின் காரமே தாங்க முடியாமல் எரிவது. பிறகு வாய் மெல்ல மெல்லக் குறுகும். தன் மூன்று விரலை நிமிர்த்தி வைத்து வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கையும் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. விசேஷ வீட்டுத் தாம்பூலத்தோடு சண்டை இல்லை. பையில் பாக்குப் பொட்டலம் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மெல்லுவதுதான் விஷயம்.

ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், வேறு கதை. அதில் தாடை பூட்டிக்கொள்வது நரம்பு இறந்ததால் இல்லை, நரம்புக்கு "போதும், நிறுத்து" என்று சொல்லும் செய்தியை நச்சு தடுத்துவிட்டதால். கடிக்கும் தசைக்கான நரம்பு குட்டை. நச்சு மூளைத்தண்டைச் சீக்கிரம் அடைவதால் தாடை முதலில் மாட்டிக்கொள்கிறது. கொட்டாவி விட்டு வாய் மூட முடியாமல் நிற்பது மூட்டு கழன்றதால். அதற்கு மருத்துவர் கையால் தள்ளியே சரிசெய்துவிடுவார்.

## அறுந்ததை இணைத்தால்

நரம்பு திரும்ப வளரும், நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஆனால் ஒவ்வொரு இழையும் பழைய வீட்டுக்கே போய்ச் சேரும் என்று உத்தரவாதம் இல்லை. பழைய வீட்டில் வயரிங் மாற்றிய பிறகு ஹாலில் சுவிட்சைப் போட்டால் திண்ணையில் விளக்கு எரியுமே, அப்படி. முகவாதம் நீண்ட நாள் இருந்து தேறிய சிலருக்குச் சிரிக்கும்போது கண் தானாக இடுங்குகிறது. உமிழ்நீருக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குத் தவறிப் போயிருந்தால், சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு கண்ணில் கண்ணீர் வழியும். காதடிச் சுரப்பியில் அறுவை சிகிச்சை செய்தவர்களில் சிலருக்கு, இலையில் பணியாரம் வைத்த உடனே காதுக்கு முன்னால் கன்னம் வியர்க்கும். 1923-இல் அதை விளக்கிய போலந்து மருத்துவர் லூசியா ஃப்ரேயின் பெயரால் அழைக்கிறார்கள். உமிழ்நீருக்கான உத்தரவு வியர்வைச் சுரப்பிக்குப் போய்விடுகிறது.

ஏழாம் நரம்பு முற்றாக அறுந்து, சேர்க்க முடியாமல் போனவர்களுக்கு அறுவை மருத்துவர்கள் இப்போது செய்யும் ஒரு காரியம் இந்த இரண்டு புள்ளிகளையும் ஒரே அடுப்பில் சேர்த்துவிடுகிறது. கடிக்கும் மசட்டர் தசைக்குப் போகும் ஐந்தாம் நரம்பின் கிளையை எடுத்து, செயலற்ற ஏழாம் நரம்போடு தைத்துவிடுகிறார்கள். மெல்லுவதற்கு மற்றத் தசைகள் இருப்பதால் கடியில் பெரிய குறை தெரியாது. சில மாதம் கழித்து அந்த மனிதர் பல்லைக் கடிக்கிறார். வாயோரம் மேலே எழும்புகிறது. ஆரம்பத்தில் சிரிக்க வேண்டுமென்றால் கடித்தாக வேண்டும். கண்ணாடி முன் உட்கார்ந்து பழகப் பழக, பலருக்குக் கடிக்காமலே சிரிக்க வந்துவிடுகிறது.